நாற்பது நிமிடம் வண்டி அசையாது

மின்சாரக் காரை விற்கிறவருக்கு அதோடு வேலை முடிந்தது. ‘அப்டேட் எப்போது வரும்?’ என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்கிறவளுக்கு அன்றைக்குத்தான் வேலை ஆரம்பம். ராமநாதபுரத்தில் உள்ள ஒரு ஷோரூமுக்காக, உச்சிப்புளியில் என் வீட்டில் இருந்தபடியே போன் எடுக்கிறேன். காரும் இப்போது செல்போன் மாதிரிதான். கம்பெனி எங்கிருந்தோ புது மென்பொருளை அனுப்பும். வண்டி ஓடும்போதே அது இறங்கும்; இறங்கி முடிந்ததும் திரையில் ‘இப்போது’, ‘பிறகு’ என்று இரண்டு பட்டன் வரும். ‘இப்போது’ அமுக்கினால் நாற்பது நிமிடம் வண்டி கல் மாதிரி கிடக்கும். தலைகீழாக நின்றாலும் எடுக்க முடியாது.

வரவில்லையே என்று தவிக்கிறவர்கள் நீங்கள். என்னிடமும் அதே கார்தான்; எனக்கோ வந்தும் அமுக்கப் பயம். கணவர் கத்தாரில். மகளுக்கு ஒன்றரை வயது. காய்ச்சல் கொஞ்சம் ஏறினாலே வலிப்பு வந்துவிடுகிறது. போன முறை ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க மனசு கேட்காமல், பக்கத்து வீட்டு அக்கா மடியில் அவளைப் போட்டு நானே ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். அந்த நாற்பது நிமிடத்துக்குள் அப்படி ஒன்று வந்தால்? ஊருக்கெல்லாம் ‘தைரியமா அமுக்குங்க சார்’ என்று சொல்லிவிட்டு, நான் மட்டும் ‘பிறகு’ அமுக்கியே ஒரு மழைக்காலத்தை ஓட்டினேன். இதை எழுதும்போதும் ஒரு கை அவள் நெற்றியில்தான் இருக்கிறது.

ரெக்கார்டு

கான்வென்டில் படித்ததில் எனக்கு மிஞ்சியது, சிஸ்டர்கள் பழக்கிவிட்ட குரல். எவ்வளவு பயந்தாலும் ஏறாது, இறங்காது. பரமக்குடியிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, கம்பெனியில் ஆரம்பித்து கம்பெனிக்காரன் பரம்பரை வரைக்கும் வாங்கு வாங்கென்று வாங்கினார். சிரமத்துக்கு வருந்துகிறோம் சார் என்றேன். மறுபடியும் வாங்கினார். மறுபடியும் வருந்தினேன். அடுத்த தடவை நான் வருந்துவதற்குள் தொட்டிலில் மகள் வீறிட்டாள். அந்தப் பக்கம் வசவு பட்டென்று நின்றது. லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். அப்புறம் ரொம்பத் தணிந்து ஒரு குரல் வந்தது:

“அடடா, ஆளாம்மா? ரெக்கார்டுன்னு நெனச்சுல்ல இம்புட்டும் பேசிட்டேன்.”

எல்லை தாண்டியது

மண்டபத்தில் மீன் ஏலம் எடுத்து வெளியூருக்கு அனுப்புகிற வியாபாரி ஒருவர். அப்டேட் பாதி இறங்கிக்கொண்டிருக்கும்போதே, வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு தனுஷ்கோடிக்குப் போயிருக்கிறார். அங்கே நம்ம டவர் போய் இலங்கை டவர் எட்டிப் பார்க்கும் என்பது இந்தப் பக்கம் போன் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். அவர் போனுக்கு இலங்கைக்கு நல்வரவு சொல்லிச் செய்தி வந்தது. அதே நேரம் காரில் இறங்கிக்கொண்டிருந்தது பாதியில் நின்றது. இரண்டுக்கும் அவரே முடிச்சுப் போட்டுவிட்டார். சிக்னல் இல்லாததால் நிற்கிறது, மண்டபம் திரும்பினால் விட்ட இடத்திலிருந்து இறங்கும் என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றியது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“இதுவரைக்கும் இலங்கைக்காரக நம்ம போட்டைத்தான் புடிச்சிட்டுப் போனாக. இப்ப அப்டேட்டையும் புடிக்க ஆரம்பிச்சிட்டாகளாம்மா?”

துபாய் பட்டன்

கீழக்கரையில் ஒரு வீடு. கார் இங்கே உம்மாவுக்கு, அதன் ஆப் துபாயில் மகன் போனில். வேலை முடிந்து அறைக்கு வந்தால் அவர் பார்ப்பது அந்த ஆப்பைத்தானாம். சார்ஜ் எவ்வளவு இருக்கிறது, கதவு பூட்டியிருக்கிறதா, உம்மா எங்கே போனார்கள் என்று. இப்படி ஊரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள் அப்டேட் வந்தது. சந்தோஷத்தில் அங்கிருந்தே ‘இப்போது’ அமுக்கிவிட்டார்.

இங்கே உம்மா நிக்காஹ் வீட்டுக்குப் புறப்பட்டு, புதுச்சேலையும் நகையுமாகப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் எதை அமுக்கினாலும் வண்டி கேட்கவில்லை. எனக்குப் போன் வந்தது. வேறு வழியே இல்லை, முடியும் வரை இறங்கி வீட்டுக்குள் உட்காருங்கள் என்று பயந்து பயந்து சொன்னேன். கோபப்படுவார்கள் என்று பார்த்தால் சிரித்தார்கள்:

“இவன் வாப்பா ஆயுசு பூரா சொல்லியும் என்னைய வீட்டுல உக்கார வைக்க முடியல. இவன் ஒரு பட்டன்ல உக்கார வச்சுட்டாம்மா.”

தெரியாத சத்தம்

மின்சார வண்டிக்கு இன்ஜின் சத்தம் கிடையாது. மெதுவாகப் போகும்போது குறுக்கே வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று அதுவாக ஒரு சத்தம் போடும். ஒரு அப்டேட்டில் அந்தச் சத்தத்தை மாற்றிவிட்டார்கள். தேவிபட்டினத்து வாத்தியார் ஒருவர் பழைய சத்தமே வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார். அவர் நாய்க்கு வண்டிச் சத்தம்தான் அடையாளம். இப்போது தினமும் சாயங்காலம் சொந்த வாசலில் அவரை நிறுத்திவைத்துக் குரைக்கிறதாம். தெரு வேடிக்கை பார்க்கிறது. சர்வீஸில் இருக்கும் செல்வத்திடம் இணைப்பைக் கொடுத்தேன். அவன் கொஞ்சம்கூட அசராமல் சொன்னான்:

“பழசு இனி வராது சார். ஒரு வாரம் பொறுங்க, நாய் தானா அப்டேட் ஆயிரும்.”

அமாவாசை

முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போடுகிற சம்சாரி கருப்பையா அண்ணன். காலைக் காபி மாதிரி தினமும் அவர் போன் வரும். அவர் மச்சினன் வைத்திருப்பதும் இதே கார்தான்; மச்சினனுக்கு அப்டேட் வந்துவிட்டது, இவருக்கு வரவில்லை. விசேஷ வீடுகளில் பந்தியில் உட்கார்ந்து மச்சினன் அதைச் சொல்லிக் காட்டுகிறானாம். ஒரு நாள், உன் வண்டிக்கு வந்துருச்சா தாயி என்று கேட்டார். பொய் சொல்ல நாக்கு எழவில்லை. வந்தும் அமுக்காமல் இருக்கிற காரணத்தைச் சொன்னேன். இனியும் தள்ளிப்போட்டால் வேகச் சார்ஜ் நின்றுபோகும் என்று திரை மிரட்ட ஆரம்பித்திருப்பதையும் சொன்னேன். வீடு எங்கன இருக்கு என்று மட்டும் கேட்டார்.

அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய்த் தீர்த்தமாடிவிட்டுத் திரும்பும் வழியில், மனைவியோடு வந்து இறங்கினார். அந்த அக்கா ஈரத்தலையோடு உள்ளே வந்து என் மகளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். அண்ணன் தன் காரை ரோட்டைப் பார்த்துத் திருப்பி என் வாசலில் நிறுத்தி, டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்தார். உன் வண்டி படுத்தாப் படுக்கட்டும், என் வண்டி நிக்கிது, அமுக்கு என்றார். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன். என் வண்டியின் திரை இருண்டது. நான் மகளின் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பதும் வண்டியைப் பார்ப்பதுமாக அலைந்தேன். பிள்ளை பச்சத் தண்ணியாட்டம் இருக்கா, நீதான் கொதிக்கிற என்றார்கள் அக்கா.

பாதி நேரம் போயிருக்கும். அண்ணன் காரில் ‘டிங்’ என்று ஒரு சத்தம். என் வண்டிப் பக்கத்தில் நின்றபடி அவர் கார் ஜன்னல் வழியே பார்த்தேன். இத்தனை மாதமாகத் தினமும் என்னிடம் கேட்ட அதே இரண்டு பட்டன் அவர் திரையில். அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியில் மச்சினன் பந்தியை விட்டே எழுந்து போயிருப்பான். விரலை நீட்டினார். வேண்டாம் என்று எந்த உரிமையில் சொல்வது? அவர் என் செத்த வண்டியைப் பார்த்தார், அக்கா இடுப்பில் இருந்த மகளைப் பார்த்தார், ஒன்றை அமுக்கினார். நான் ஓடிப்போய் அவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் நிமிரக்கூட இல்லை:

“பெறகுன்னு போட்டுட்டேன் தாயி. ரெண்டும் ஒரே நேரத்துல படுத்துட்டா இங்கன யாரு நிக்கிறது?”

இத்தனை பேர் தவம் கிடந்த அந்த அப்டேட்டில் என் கண்ணுக்குத் தெரிந்து மாறியது, திரையில் மணி காட்டும் எழுத்து கொஞ்சம் பெரிதானது மட்டும்தான்.