பழைய கஸ்டமர்

லண்டன் சட்டனில் பனங்கிழங்கு இடித்த ஒடியல் மா விற்ற முதல் மனிதன் நான். செருப்புத் தைப்பவர் விட்டுப்போன, ஈரம் ஊறிய ஒரு கடையைப் பிடித்து, தட்டுப் பலகைகளை நானே அறுத்து, நானே ஆணி அடித்தேன். பகலில் பெட்ரோல் நிலையத்தின் கண்ணாடிக் கூட்டுக்குள் வேலை, மாலையில் கடைக்குச் சுண்ணாம்பு. எங்கள் ஆட்களுக்கு யார் கடை வாடகைக்குத் தருவார்கள் என்று சிரித்தவர்கள் முன்னால் கடை திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் நாய்கூட நடக்காத தெருவில் ஞாயிறு காலை விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்து வைத்தேன். முருங்கைக்காயை விமானத்தில் வரவழைத்து, குளிரில் கறுக்காமல் என் பழைய கம்பளிக்குள் சுற்றி வைத்து விற்றேன். ஊரிலிருந்து தம்பியைக் கூப்பிட்டு, படுக்க இடம், போடக் கோட், செய்ய வேலை மூன்றும் கொடுத்தேன். இவ்வளவையும் ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்த நான் செய்தேன். அப்போது ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ‘சொறி’, ‘தாங்யூ’, ‘வீ ஆர் ஓப்பன்’.

பெருமைக்குத்தான் சொல்கிறேன். என் பெருமையைச் சொல்ல என்னைத் தவிர வேறு ஆள் இல்லை என்று போன கோடையில் எனக்குத் தெரிந்துபோயிற்று.

சரக்கை எவரும் இறக்கலாம். ஆனால் என் கடையில் இருந்த ஒழுங்கு லண்டனில் வேறு எந்தக் கடையிலும் இருக்கவில்லை. வெள்ளைக்காரன் கடையில் டின்னோடு டின், போத்தலோடு போத்தல், பெட்டியோடு பெட்டி இருக்கும். பெயரை வாசித்து எடுக்க வேண்டும். எனக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. அதனால் என் மனைவி சமைக்கும்போது அவள் கை எதற்குப் பிறகு எதற்குப் போகிறது என்று குசினி வாசலில் நின்று பார்த்து, அதே வரிசையில் சாமானை அடுக்கினேன். கதவடியில் அரிசி, பக்கத்தில் புட்டு மா, பிறகு பருப்பு. வெங்காயம், வெந்தயம், பெருஞ்சீரகம் மூன்றும் ஓரிடத்தில். அவற்றுக்குப் பக்கத்தில் மிளகாய்த்தூள், புளி. புளியைக் கையில் எடுத்தவளுக்கு அடுத்ததாக மீன்தான் நினைவுக்கு வரும், ஆகவே புளிக்குப் பக்கத்தில் டின் மீன். கருவாட்டுக்கு அருகில் ஒடியல் மா, கூழ் காய்ச்சுகிறவர்கள் அலையத் தேவையில்லை. சாப்பாடு முடிந்தால் தேநீர், தேத்தண்ணித் தூளுக்குப் பக்கத்தில் பனங்கட்டி. கடைசியில், காசு வாங்கும் மேசையடியில், கோயிலுக்குப் போகிறவர்களுக்குக் கற்பூரமும் தேவாலயத்துப் பூசைக்குப் போகிறவர்களுக்கு மெழுகுதிரியும். சட்டி ஒழுங்கு என்று அதற்கு நாங்கள் பெயர் வைத்தோம்.

மன்னாரிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண் ஒருநாள் தனியாக வந்தாள். பெரிய கடைகளுக்குள் போகவே பயப்படுகிறவள். கதவடியில் தொடங்கி மேசைவரை நடந்து வந்தவள் என் முன்னால் நின்று கண்ணைத் துடைத்தாள்.

“அண்ணை, ஒருத்தரையும் கேக்காமல் முழுச் சமையலுக்கும் சாமான் எடுத்துப்போட்டன்.”

“பிறகேன் அழுகிறீர் பிள்ளை?” என்று கேட்டாள் என் மனைவி.

“வந்த நாளில இருந்து ஒரு சாமானும் நானா எடுக்கேல்லை அக்கா.”

மொத்த வியாபாரக் கம்பனியிலிருந்து ஓர் ஆள் வந்து என் தட்டுகளைப் பார்த்துத் தலையை ஆட்டியதும் நினைவிருக்கிறது. தம்பிதான் மொழிபெயர்த்தான்.

“அண்ணை, எங்களுக்குக் கடை அடுக்கத் தெரியாதாம். மீனையும் புளியையும் ஏன் ஒண்டா வச்சிருக்கிறியள் எண்டு கேக்கிறான்.”

“அவனுக்கு மீன்குழம்பு வைக்கத் தெரியுமோ எண்டு கேள்.”

தம்பி வெங்காய மூட்டையில் குந்திவிட்டான், அவ்வளவு சிரிப்பு. அந்தச் சிரிப்பை எழுதி வைக்கிறேன். அந்த ஒழுங்கு யாருடையது என்று அவனுக்கு அன்றே தெரியும்.

தம்பி என்னைவிடக் கெட்டிக்காரன். கடைக்கு மேலே இருந்த அறையில் படுத்து எழும்பி, ஆங்கிலம் பிடித்து, கவுன்சில்காரருக்கு மறுமொழி சொல்லுமளவுக்கு வந்தான். ஆனால் வாயைத் திறந்தால் அண்ணைதான். ‘அண்ணை, வெங்காயம் முடியுது அண்ணை.’ ‘அண்ணை, கதவைப் பூட்டட்டோ அண்ணை.’ “இவன் பொஞ்சாதியையும் ஒருநாள் அண்ணை எண்டு கூப்பிடப்போறான்” என்று என் மனைவி பகிடி பண்ணுவாள்.

பிறகு எங்கள் தெருவுக்குப் பின்னால் கார்கள் நிறுத்தப் பெரிய வெளியோடு ஒரு சூப்பர்மார்க்கெட் வந்தது. சனம் குறைந்தது. அதே காலத்தில் என் இதயமும் பழுதாகி, மூட்டை தூக்கக்கூடாது என்று டாக்டர்மார் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துத் தம்பியிடம் சொன்னேன், “இனி கடை உன்ர.” அவன் சட்டன் கடையை மூடி, கூட்டாளிகளைச் சேர்த்து, இல்ஃபோர்ட்டில் பெரிதாகத் திறந்தான். பிறகு இன்னொன்று, இன்னொன்று. எனக்கு அதில் ஒரு குறையும் இருக்கவில்லை. கோயில் வீதியில் கண்டவர்களை எல்லாம் நிறுத்தி, “என்ர தம்பியின்ர கடை” என்று சொல்லித் திரிந்தவன் நான்தான்.

போன கோடையில் ஹரோவில் புதுக்கடை திறப்பு. தம்பியின் மகள் போன் எடுத்துச் சொன்னாள். கடை நடத்துவதைப் பற்றியே பல்கலைக்கழகத்தில் படித்த பிள்ளை, இப்போது தகப்பனுக்கு வலக்கை. நானும் மனைவியும் ரயில் மாறிப் போய்ச் சேர்ந்தோம். கோட்டின் மேல் பொத்தானைப் போடச் சொல்லி மனைவி வழிநெடுக ஆக்கினை. “இஞ்சரப்பா, நீங்கள்தான் மூத்தவர். படம் எடுப்பினம்.”

கடை வாசலில் நாதஸ்வரம் ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருந்தது. பிள்ளை எங்களைக் கண்டதும் ஓடிவந்து, உள்ளே ஒரு நீளச் சுவரடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

“பெரியப்பா, இது நான் செய்தது. யூரோப்பில கடை எப்பிடி எப்பிடி மாறினது எண்டு.”

பெரிய பெரிய படங்கள். சந்தையில் கூடையோடு நிற்கும் பெண்கள். பாரிஸில் அரண்மனை போல ஒரு கடை. வாங்காவிட்டாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம், ஒரே விலை, பேரம் இல்லை என்று அங்கேதான் பழக்கினார்களாம். பிறகு லண்டன் மளிகைக்காரன், வெள்ளை ஏப்ரனோடு மேசைக்குப் பின்னால் நின்று வெண்ணெய் வெட்டுகிறான். அந்தக் காலத்தில் கடைக்காரன் எடுத்துத் தந்தால்தான் சாமான். யுத்தத்துக்குப் பிறகு மேசை போய்விட்டது, சனத்தின் கையில் கம்பிக் கூடையைக் கொடுத்து நீயே எடு என்றார்கள். அதற்கடுத்து ஊருக்கு வெளியே சூப்பர்மார்க்கெட். பிள்ளை சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இந்தப் பெரிய கதையின் வாலில் நானும் இருக்கிறேன் அல்லவா.

கடைசிப் படம் எங்கள் சட்டன் கடை. கதவுக்கு முன்னால் என் கோட்டைப் போட்டுக்கொண்டு தம்பி தனியாக நிற்கிறான். அந்தப் படத்தில் நான் இல்லை. ஏனென்றால் படம் எடுத்தது நான்.

“கீழ என்ன எழுதியிருக்கு பிள்ளை?”

அவள் வாசித்துத் தமிழில் சொன்னாள். “தனியாளா வந்து, தனியாளாத் துவங்கின கடை. சமைக்கிற ஒழுங்கில சாமான் அடுக்கிறதை இவர்தான் கண்டுபிடிச்சவர்.”

“ஆர் கண்டுபிடிச்சது?” என்றாள் மனைவி.

“அப்பா.”

மனைவி என்னைப் பார்த்தாள். நான் படத்தையே பார்த்தேன். அந்தநேரம் யாரோ கூப்பிட, பிள்ளை வாசலுக்கு ஓடிவிட்டாள்.

அப்போதுதான் தம்பி வந்தான். கூட, ரிப்பன் வெட்ட வந்திருந்த தமிழ்நாட்டு டாக்டர் ஒருவர். ஹரோவிலேயே இருப்பவர், நல்ல மனிதர். என்னைக் கண்டு கைகூப்பி, “ஐயா யாருன்னு சொல்லலையே?” என்று தம்பியைக் கேட்டார்.

தம்பி என்னையும் பார்த்தான், சுவரையும் பார்த்தான்.

“இவர் எங்கட பழைய கஸ்டமர். சட்டனில இருந்து வந்திருக்கிறார்.”

“அப்படியா, ரொம்ப சந்தோஷம் ஐயா. இனிமே நானும் கஸ்டமர்தான்” என்று டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தம்பி அவரை மற்றப்பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.

இதயத்தை வெட்டித் தைத்தபோது மயக்க மருந்து தந்திருந்தார்கள். இதற்கு ஒன்றும் தரவில்லை.

“வாங்கோ, வீட்ட போவம்” என்றாள் மனைவி. நான் போகவில்லை. வாசலில் அடுக்கியிருந்த கூடைகளில் ஒன்றை எடுத்தேன். கஸ்டமர் என்றால் சாமான் வாங்கவேண்டும். நடந்தேன். அரிசி. பக்கத்தில் புட்டு மா. பருப்பு. கடை என்னுடையதைப்போலப் பல மடங்கு, வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, ஆனால் என் கால் ஓரிடத்திலும் தடுமாறவில்லை. நான் தேடவே இல்லை, கை போன இடத்தில் சாமான் இருந்தது. வெந்தயம் இருந்தது. புளி இருந்தது. புளிக்குப் பக்கத்தில் டின் மீன் இருந்தது. எத்தனை கடை மாறி, எத்தனை ஊர் மாறி வந்தும் அந்த மீனை ஒருவரும் இடம் மாற்றவில்லை. அந்த இடத்தில் நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். மனைவி என் முதுகில் கையை வைத்துக்கொண்டாள்.

காசு கொடுக்கும் இடத்தில் ஆள் இல்லை, மெஷின்தான். அது என்னவோ ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லியது. பிள்ளை பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

“பெரியப்பா! என்ன செய்யிறியள்? உங்களுக்கு என்னத்துக்குக் காசு?”

“கஸ்டமர் காசு குடுக்கோணும் பிள்ளை.”

பகிடி என்று நினைத்து அவள் சிரித்தாள்.

“சிரிக்காத பிள்ளை” என்றாள் மனைவி. “கொப்பர் இவரை டாக்டருக்கு அப்பிடித்தான் சொன்னவர், பழைய கஸ்டமர் எண்டு. நீ பிறக்க முதலே இந்த மீன் புளிக்குப் பக்கத்திலதான் இருந்தது. வச்சது இந்த மனிசன்.”

பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது. “அப்பா எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே பெரியம்மா. தனிய வந்தனான் எண்டுதான்...”

“தனிய நிண்டா அந்தப் படத்தை ஆர் எடுத்தது எண்டு கேள்” என்றேன் நான்.

சில நாள் கழித்துத் தம்பி போன் எடுத்தான்.

“அண்ணை, பிள்ளை வீட்டில என்னோட கதைக்கிறாள் இல்லை. கோவிச்சிட்டியளோ?”

“ஓம்.”

“அந்த டாக்டருக்கு முன்னால முழுக் கதையும் சொல்ல நேரம் எங்க அண்ணை?”

“அண்ணை எண்டு சொல்ல எவ்வளவு நேரமடா வேணும்?”

“தனியாளா வந்தனான் எண்டு எல்லா மேடையிலயும் சொல்லிப்போட்டன். பேப்பரிலயும் வந்திட்டுது. இப்ப மாத்தினா சனம் என்ன நினைக்கும்?”

“உனக்கொரு அண்ணை இருக்கிறான் எண்டு நினைக்கும்.”

“விளங்கிக்கொள்ளுங்கோ அண்ணை. நீங்கள் எந்தக் கடைக்கும் வாங்கோ. ஒரு கார்ட் அடிச்சுத் தரச் சொல்லுறன், எதை எடுத்தாலும் விலை குறைவு.”

நான் போனை வைத்துவிட்டேன். கடைசிவரை அவனுக்கு நான் கஸ்டமர்தான்.

அதற்குப் பிறகு கோயில் வீதிப்பக்கம் போவதில்லை. தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்பார்கள். நானே வாய் ஓயாமல் பெருமை பேசிப் பழக்கிவிட்ட சனம் அது, கேட்காமல் விடாது. மனைவி மட்டும் போய் வருகிறாள். யாராவது கேட்டால் எனக்குக் குளிர் ஒத்துவரவில்லை என்று சொல்கிறாளாம். அன்று வாங்கிய டின் மீனை அவள் இன்னும் சமைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. பின்னேரங்களில் தம்பியின் பழைய பேச்சு காதில் வருகிறது, ‘கதவைப் பூட்டட்டோ அண்ணை’ என்று. பூட்டு என்று நான் வாய்விட்டே சொல்லிவிடுகிறேன். மனைவி குசினிக்குள்ளிருந்து “ஆரோட கதைக்கிறியள்?” என்கிறாள்.

தம்பி, இதை நீ எப்படியும் வாசிப்பாய். எனக்குக் கடை வேண்டாம், பங்கு வேண்டாம், உன் கார்டும் வேண்டாம். யூரோப்பின் கடைக் கதையை ஹரோவில் சுவர் நிறைய ஒட்டியிருக்கிறாய். பாரிஸ்காரனுக்கு அதில் இடம் இருக்கிறது. வெண்ணெய் வெட்டினவனுக்கு இடம் இருக்கிறது. கம்பிக் கூடைக்குக்கூட இடம் இருக்கிறது. எனக்குரிய இடத்தை எனக்குத் தா. மகளைக் கூப்பிட்டு அந்தச் சுவரைத் திருத்தச் சொல். மேலே தமிழில், கீழே ஆங்கிலத்தில், மற்றவர்களுக்குப் போட்ட அதே அளவு பெரிய எழுத்தில் போடு: இந்தக் கடையைத் திறந்தவரும், சாமானைச் சட்டி ஒழுங்கில் அடுக்கியவரும், இந்தப் படத்தை எடுத்தவரும் என் அண்ணை. பெயர் போடாவிட்டாலும் பரவாயில்லை. ‘என் அண்ணை’ என்று போடு.