நாற்பத்தோரு அம்மன்கள்

புது வருஷக் காலண்டரை ஆணியில் மாட்டப் போனேன். அட்டையிலிருந்து குப்பென்று பசை வாசம். பூச்சி அரிக்காமல் இருக்க மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை. சிவகாசிப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு அது சாகிற வரைக்கும் மூக்கை விட்டுப் போகாது. மாட்டுகிற வேலையை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இதை யாரிடமாவது சொன்னால்தான் எனக்கு எழுந்திருக்கத் தோணும், நீங்கள்தான் அகப்பட்டீர்கள்.

அப்போது நான் ஒரு அச்சகத்தில் ‘இன்வார்டு’ மேசையில் இருந்தேன். பேர்தான் பெரிசு. வெளியே வீடுகளுக்கு ஒட்டு வேலைக்குப் போன சாமான் திரும்பி வந்தால் எத்தனை போச்சு, எத்தனை வந்தது, எத்தனை வீண் என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான். நான் டைப்ரைட்டிங் ரெண்டு பரீட்சையும் பாஸ். ஒரு நாளும் ஒரு வரி தட்டச் சொன்னதில்லை. எழுத்து முத்து முத்தா இருக்கு என்று உட்கார வைத்தார்கள். வாய் நீளம் என்பது அப்புறம்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

அங்கே ஒரு சட்டம். ஒட்டும்போது கோணலாகிப் போன, பசை கொட்டின படங்களை நடுவில் ரெண்டாகக் கிழித்து, நல்ல அட்டைகளோடு திருப்பித் தரணும். கிழிக்காமல் விட்டால் ஒட்டுகிறவர்கள் அதை ஃபிரேம் கடையில் விற்றுவிடுவார்களாம். நானும் கிழிசலை எண்ணி எழுதிவிட்டுச் சாக்கில் போடுவேன். மனசில் ஒன்றும் உறுத்தினதில்லை.

நாரணாபுரத்திலிருந்து பேச்சியக்கா வந்து லோடு எடுப்பாள். முன்னே பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைத்தவள். பக்கத்து ரூம் வெடித்த அன்றைக்குத் தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்ததால் பிழைத்தாள். அதோடு மருந்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வீட்டில் ரெண்டு மகள்களோடு காலண்டர் அட்டை ஒட்டினாள். அவள் ஒட்டினால் ஒரு கொப்புளம் கண்ணில் படாது.

அந்த ஐப்பசியில் ரெண்டாயிரம் படம் போனது. திரும்பி வந்ததை எண்ணினால் நாற்பத்தொன்று குறைகிறது. கிழிசலும் இல்லை.

"வீணானது எங்கக்கா?"

"இருக்கன்குடி ஆத்துல விட்டுட்டேன் தாயி."

முந்தின லோடெல்லாம் அருவி, ரோசாப்பூ, கொழுகொழு பாப்பா. இந்தத் தடவை மாரியம்மன். "ஆத்தா மூஞ்சிய எப்படித் தாயி ரெண்டா கிழிக்க? மூணு பேத்துக்கும் கை வரல" என்றாள். ஆற்றில் அப்போது மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மாரியம்மன் கோயில் ஆறாச்சே என்று பஸ் ஏறிப் போய் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

மானேஜர் காதில் விழுந்துவிட்டது. கெட்ட மனுஷர் இல்லை. யாரையும் நம்பக் கூடாது என்பதை மட்டும் விரதம் மாதிரிக் கடைப்பிடிப்பார். "ஆத்துல விட்டாகளாம்ல! நல்ல கதையா இருக்கே. நாப்பத்தொண்ணு களவுன்னு எழுதும்மா. இனிமே அந்த வீட்டுக்கு லோடு கிடையாது."

பேச்சியக்கா என் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "சார், இது போச்சுன்னா நான் திரும்ப மருந்துக்குத்தான் போகணும். எம் மகளுகளும் கூட வருவாளுக."

பேனாவை எடுத்து, ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் எழுதினேன்: ‘நாற்பத்தொன்று வீண். அம்மன் படமானதால் கிழிக்கவில்லை. இருக்கன்குடி ஆற்றில் விடப்பட்டது.’ கையெழுத்தும் போட்டேன்.

"அந்த வரிய அடிச்சிட்டு நான் சொன்னத எழுது."

"அடிக்க மாட்டேன் சார்."

"அட, நீ யாரு எனக்குச் சொல்ல?"

"கையெழுத்துப் போட்டவ."

எழுந்து போய், அலமாரியில் மாதிரிக்கு வைத்திருந்த அம்மன் படத்தை எடுத்துவந்து நீட்டினேன். "இந்தாங்க சார். இத ரெண்டா கிழிச்சு சாக்குல போடுங்க. போட்டுட்டீகன்னா நீங்க சொன்னத எழுதுறேன்."

வாங்கினார். ரெண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்தார். மெஷின் ஆட்களெல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். பிடித்தது பிடித்தபடி நின்றார். கடைசியில் படத்தை மேசையில் மெல்ல வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், "அந்தம்மாவுக்கு அடுத்த லோட ஏத்தி விடுங்கலே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதற்கப்புறம் ஆறு மாசம் என் எழுத்தில் குத்தம் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தார். கண்டுபிடிக்கட்டுமே! சாமிப் படத்துக்குக் கிழிசல் கேட்கிறது அன்றோடு நின்றது.

இப்போது அட்டை ஒட்ட மெஷின் வந்துவிட்டது. கடைகளிலிருந்து திரும்பி வருகிற சாமான் மேல் போனைக் காட்டினால் ‘கீக்’ என்கிறது. குறைவா, சேதமா என்று மட்டும் கேட்கிறது, ஏன் என்று எழுத இடமில்லை. என் நோட்டும் எடைக்குப் போயிருக்கும். போகட்டும், அந்த வரியை நான் அடிக்கவில்லை.

பேச்சியக்காவும் போன வருஷம் போய்விட்டாள். மருந்தில் இல்லை. பல்லெல்லாம் கொட்டின கிழவியாகி, வீட்டில், மகள்கள் ரெண்டு பேரும் பக்கத்தில் இருக்க, மத்தியானச் சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.