கன்னத்துச் சதைக்கு ஓர் இங்கிலீஷ் சொல்

குழந்தை புஷ்டியாகிறான் என்று இங்கிலீஷில் சொன்னாலும் கண்ணேறு படுமா? இன்றும் எனக்கு விடை தெரியவில்லை.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் அதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. அதனால் நாத்தனார் கமலாவுக்கு இங்கிலீஷ் கற்பிக்கும்போது என் மகனையே பாடமாக்கினேன். உயரத்துக்கு ‘க்ரோ’, கன்னத்தில் சேரும் சதைக்கு ‘அக்யுமுலேட்’. இருவரும் ரகசியமாகச் சிரிப்போம்.

அவனுக்குக் காய்ச்சல் கண்டதும் மாமியார் காரணம் தேடினார்.

“மன்னிதான் தினம் இங்கிலீஷ்ல, குண்டாயிண்டே வரான்னு சொல்லிண்டிருந்தா” என்றாள் கமலா.

“பெத்த கண்ணுதான்டி பொல்லாதது! கொழந்தையை இங்க குடு” என்றார் மாமியார்.

காய்ச்சல் தணிந்துவிட்டது. ஆனாலும் பால் குடிக்க மட்டுமே அவன் என் மடிக்கு வருகிறான். கமலாவோ, “அடுத்த பாடம் எப்போ மன்னி?” என்கிறாள்.

சகோதரிகளே, அவளுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?