முறையாக வந்தவர்கள்

என் தங்கையின் மகனுடைய அகதி விண்ணப்பம் தள்ளுபடியாகி, அவனை நாடு கடத்தும் நாளும் குறித்துவிட்டார்கள். மோர்னிங்சைட் முதியோர் கூடத்தில் அதைச் சொன்னேன்.

"இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் நாங்கள் லண்டனிலிருந்து இந்த ஆஸ்திரேலியாவுக்கு முறையாகவே குடியேறினோம்," என்றார் அங்கே வரும் வெள்ளைக்கார மூதாட்டி மார்கரெட்.

குடிவரவு விதிகளை வரி பிசகாமல் அறிந்தவன் நான். "எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?" என்றேன்.

"அரசாங்கமே அழைத்தது. கப்பல் கட்டணத்திலும் பெரும்பகுதியைக் கொடுத்தது. வெள்ளைக் குடும்பங்கள்தானே வேண்டியிருந்தன!"

இலங்கையிலிருந்து கள்ளப் பாஸ்போர்ட்டில் வந்திறங்கிய சிவம் அண்ணை தலையாட்டினார். "ஓம், அவை ஒழுங்கா வந்தவை. உங்கட பெடியனும் அப்பிடியெல்லோ வந்திருக்க வேணும்!"

"நீங்கள் எப்பிடி அண்ணை வந்தனீங்கள்?"

"அது வேற கதை."

மார்கரெட் மீது எனக்குக் கோபமில்லை. அண்ணை மீது வந்த அருவருப்போ, மருமகனை விமானமேற்றிவிட்டுத் திரும்பியபோதும் தணியவில்லை.