அண்ணன் சிற்பங்களின் தாழ்ந்த கைகள்

1963 பிப்ரவரி 8, வெள்ளிக்கிழமை. அண்ணன் வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்தார். வலது தோளில் எண்ணெய் தேய்த்தார், நீராகாரம் குடித்தார், சாந்து பூசும் கரண்டிகளைத் துடைத்துப் பையில் வைத்தார். திருமயம் பக்கத்தில் ஒரு செட்டியார் வீட்டு முகப்பில் அவர் செய்த லட்சுமி சுதைச் சிற்பத்துக்கு அன்று கண் திறப்பு.

அன்னவாசல் அருகே பிறந்த அண்ணன், தந்தை காலமான பின் கோபுர வேலைக்குப் போய் உடன்பிறந்த எங்கள் மூவரையும் வளர்த்தார். 1948இல் மன்னராட்சி முடிந்து சமஸ்தானம் போனதும் அரண்மனை வேலை நின்றது. பிறகு செட்டியார் வீடுகளே சோறு போட்டன. அவருடைய பழைய சிற்பங்களில் கைகள் தலைக்கு மேல் எழும். ஐம்பத்தைந்து வயதுக்குப் பின் செய்தவற்றில் இடுப்போடு நின்றுவிடும். அண்ணன் மறைந்தபின் வந்த இரங்கல் கடிதங்களில் உறவினர்களான உங்களில் பலர் அதை 'முதுமை தந்த சாந்தம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அன்புக்கு நன்றி. ஆனால் அது தவறு. நேரில் அப்படிச் சொன்னவர்களுக்கு அண்ணனே பதில் சொல்லியிருக்கிறார்: “சாந்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. தோளு ஏறலப்பா.”

அந்த லட்சுமியின் தாமரைக் கைகளும் தோளுக்குக் கீழேயே நின்றிருந்தன.

“சாரத்த இன்னொரு பலகை ஒசத்துங்க. ஒரு நாள் குடுங்க, கைய மேல கொண்டாந்துர்றேன்” என்று அண்ணன் கேட்டார்.

“நீங்க விழுந்து வச்சா யாரு பதில் சொல்றது? இப்பவே மகாலச்சுமியாத்தான் இருக்கா. கண்ணத் தெறந்துட்டு எறங்குங்க” என்றார் வீட்டுக்கார ஆச்சி.

நான் பலகையைத் தூக்கினேன். அண்ணன் மகன் மறித்தான். “சித்தப்பா, நீங்க வேறயா? அப்பா விழுந்துருவாரு. முகூர்த்தமும் போயிரும்.”

கண் திறந்த உருவத்தில் பிறகு கருவி படக்கூடாது என்பது எங்கள் தொழில் வழக்கம். தெரிந்தேதான் அவசரப்படுத்தினார்கள். அண்ணன் கண்ணைத் திறந்தார். வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். அவர் விருந்தில் உட்காராமல் வீடு திரும்பினார்.

கடைசி ஓராண்டு அவரைப் படுக்கையில் பார்த்துக்கொண்ட மருமகளுக்கும், கூப்பிட்டபோதெல்லாம் வந்த வைத்தியருக்கும், தோள் கொடுத்த ஊராருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மகன் பயந்தது பாசத்தால்தான். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் காலை, பல் துலக்குவதற்கு முன்பே, அண்ணன் மிஞ்சிய சாந்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்தார். கிணற்றுச் சுவரின் அடியில், தன் கைக்கு எட்டிய உயரத்தில், ஒரே ஒரு கையைச் செய்தார். அது மேல்நோக்கி உயர்ந்திருந்தது.