கீழாநெல்லியின் ஐந்தாவது புள்ளி

மூலிகை வேதியியல் என்பது செடியை அரைத்து, கரைத்து, காய்ச்சி, கடைசியில் பக்கத்து மேஜைக்காரியின் குடுவையைப் பார்த்து வயிறெரியும் தொழில். ஆய்வுக்கூடத்தில் பென்சீன் வாடையோடு காலம் தள்ளும் சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு சுதா வாய்த்திருப்பாள். என்னுடைய சுதா செம்பூரிலிருந்து வருகிறாள். கீழாநெல்லியிலும் அதன் உறவுச் செடிகளிலும் என்னென்ன சேர்மங்கள் இருக்கின்றன என்று பார்க்கும்படி எங்கள் கைடு சார் இருவரிடமும் சொன்னார். நல்ல முடிவு யாருடையதோ அவள் பூனா மாநாட்டுக்குப் போகலாம். போவது நான்தான் என்று மாட்டுங்காவில் எங்கள் பில்டிங் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

தாராவியில் செடி

திருநெல்வேலிக்காரர் ஒருவர் தாராவியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறார். கசகசவென்ற வெயிலில் போய் நின்றால், சாக்கின் அடியில் தூளும் துரும்பும்தான் மிச்சம். நல்ல செடி கேட்டேன். "செம்பூர் புள்ள காலைலயே வந்து வேரோட அள்ளிட்டுப் போயிட்டுல்லா. நீங்க இப்பம்தான் எந்திச்சியளாக்கும்?"

படிகமும் களிம்பும்

சுதா வெயில் படாமல் நிழலில் உலர்த்திய செடியிலிருந்து வெள்ளை வெளேரென்று ஊசி ஊசியாகப் படிகம் இறங்கியது. என் தூள், குடுவையடியில் பச்சைக் களிம்பாக ஒட்டிக்கொண்டது. கண்ணாடி கழுவும் ஷிண்டே எட்டிப் பார்த்தார். "க்யா மேடம், மெஹந்தி பனாயா?" மருதாணி அரைத்தேனாம்.

புதுச் சேர்மம்

சிலிக்கா பூசிய கண்ணாடித் தகட்டில் சாற்றைத் தொட்டு வைத்து, கரைப்பானில் நிறுத்தினால் சேர்மங்கள் தனித்தனியாக மேலேறும். அயோடின் ஆவியில் காட்டினால் பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும். நாலு புள்ளி வரவேண்டிய இடத்தில் சுதாவுக்கு ஐந்து. எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஐந்தாவது. சார் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. எனக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாச் செடியிலும் அதே உயரத்தில், அதே பருமனில் எப்படி வரும் என்று சண்டைக்குப் போனேன். அவள் வழக்கம்போலப் பின்னலின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "உனக்கு வரலேன்னா செடிய ஏன்டி திட்டறே?"

நான் பார்த்தது அந்த விரலை.

சாட்சி

மறுநாள் வீட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் கொண்டுபோனேன். வெறும் தகட்டில் ஒரு பொட்டு வைத்து, சார் எதிரிலேயே அவள் தகட்டோடு சேர்த்து நிறுத்தினேன். அதே உயரத்தில் அதே புள்ளி. "இது கீழாநெல்லி இல்லை சார், பின்னலைத் தொட்ட கையோடு தகட்டில் ஒட்டிய இவள் தலை எண்ணெய்," என்றேன். சுதா அழுவாள் என்று காத்திருந்தேன். அவளோ கொண்டை போட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி, எல்லாத் தகட்டையும் புதிதாகச் செய்து மாலைக்குள் மேஜையில் வைத்தாள். சுத்தமாக நாலு புள்ளி. சார் அவற்றை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "எண்ணெயில் வந்த முடிவைப் பார்த்தேன், செடியில் வந்த முடிவு எங்கே?"

ஆக, அவளுடைய முடிவை அப்பழுக்கில்லாமல் துடைத்துக் கொடுத்தது நான், அதை எடுத்துக்கொண்டு பூனா ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து பின்னலைச் சுற்றிக்கொண்டு போனது அவள்.