பஜார் தெருவில் நின்ற கரகம்

இந்து மதம் என்றால் என்ன என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க மதராஸிலிருந்து ஒரு வக்கீல் ரயிலேறி வந்தார். தங்கச் சுரங்கக் கூலிகளின் மாரிகுப்பம் லைனில், தட்டிக் குடிசைகளில் இருந்த எங்களில் சிலர் அப்போது சர்ச்சுக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். அதுவரை எங்களை ஏறிட்டுப் பார்க்காத ஆண்டர்சன்பேட்டை வியாபாரிகளுக்கு, நாங்களும் இந்துக்கள் என்று திடீரென ஞாபகம் வந்துவிட்டது.

பஜார் ஓரத்தில் பந்தல் போட்டார்கள். உள்ளே அவர்கள், கயிற்றுக்கு வெளியே, வெயிலில், நாங்கள். வக்கீல் நன்றாகத்தான் பேசினார். கடவுள் ஒருவரே, ரூபங்கள்தான் பல. எறும்பிலும் யானையிலும் இருப்பது ஒரே ஆத்மா. செய்த வினை ஜன்மம் ஜன்மமாகக் கூட வரும். நாங்கள் கும்பிடும் மாரியும் அந்தப் பராசக்தியே.

மிஷன் பள்ளியில் படித்த வாய் சும்மா இருக்குமா? கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்: "ஐயா, மாரியும் பராசக்தியும் ஒண்ணுன்னா, நாளைக்கு எங்க கரகம் பஜார் தெரு வழியா வரலாங்களா?"

பந்தலுக்குள் சிரித்தார்கள். வக்கீல் கனைத்துக்கொண்டார். "ஆத்மா வேறே தம்பி, ஆசாரம் வேறே."

"அப்ப ஆத்மா மட்டும் வரலாமா சாமி? ஒடம்ப இன்னா பண்றது, லைன்லயே வுட்டுட்டு வரதா?" என்றாள் பக்கத்தில் நின்ற என் அத்தை.

வக்கீல் கைகூப்பிப் பேச்சை முடித்துக்கொண்டார். கூட்டம் கலைந்தது.

அந்த ஆடியில் கரகம் தூக்குகிறவர் என் நைனா. சுரங்கத்துக்குள் கல் வண்டி தள்ளுகிறவர். என் தங்கச்சி அம்மை நோயிலிருந்து பிழைத்ததற்கு நேர்ந்துகொண்டது. பஜாருக்கு அப்பால் இருக்கும் குளத்தில் குடத்தை நிரப்பி, வேப்பிலை கட்டி, லைனிலுள்ள கோயிலுக்குக் கொண்டுவர வேண்டும். வருஷா வருஷம் சுரங்கத்து மண்மேடுகளைச் சுற்றிக்கொண்டுதான் வந்தோம். நைனா சொல்லிவிட்டார்: "எம்பொண்ணக் காப்பாத்துனவ. அவள இன்னாத்துக்குக் குப்ப மேட்டு மேல இட்டுக்கினு வரணும்? நேரா இட்டாருவேன்."

மறுநாள் குளத்திலிருந்து பம்பை முழங்க பஜாருக்குள் நுழைந்தோம். பாதித் தெருவில் வியாபாரிகள் தடிகளோடு குறுக்கே நின்றார்கள். "திரும்பிப் போடா!" என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

"கரகம் திரும்பக் கூடாதுங்க. எறக்கவும் கூடாது. எறக்கிட்டா அவ அங்கியே தங்கிடுவா," என்றார் நைனா. தலையில் குடத்தோடு அப்படியே நின்றார்.

அடிக்கலாம், குடம் உடைந்தால் அவர்கள் தெருவில் அம்மை. அந்த மாதம் அங்கேயும் பல வாசல்களில் வேப்பிலை செருகியிருந்தது. பிடித்துத் தள்ளலாம், தள்ளினால் நைனாவைத் தொட்ட தீட்டு. தடியைப் பிடித்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார்கள்.

"தொடுங்க! தொட்டுத் தள்ளுங்க! ஒரே ஆத்மான்னு நேத்து கேட்டீங்களே!" என்று அத்தை கத்தினாள். ஜவுளிக்கடை மாடியில்தான் வக்கீல் தங்கியிருந்தார். ஜன்னலில் ஒரு முறை எட்டிப் பார்த்தார். ஜன்னல் சாத்திக்கொண்டது.

வெயில் ஏறியது. விரதம் இருந்த உடம்பு. நைனாவின் தலைமேல் குடம் ஆட ஆரம்பித்தது. என்னால் பொறுக்க முடியவில்லை. "நைனா, சுத்திக்கினே போயிடலாம்," என்றேன்.

"படிச்சவனே, சும்மா கெட," என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை, கால் தடுமாறியது. குடம் சாய்ந்து தண்ணீர் மண்ணில் கொட்டியது. கடைக்காரர்கள் அலறிக்கொண்டு இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். "இங்க போட்டுடாதடா! போ, போ, சீக்கிரம் கொண்டுபோ!" என்றார் ஜவுளிக்கடைக்காரர். குரல் கெஞ்சியது.

நைனா குடத்தை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் கொட்டிய இடத்துக்கு ஒரு கடைக்காரர் வீட்டம்மாள் ஓடிவந்து, ஈர மண்ணைத் தொட்டுத் தன் குழந்தையின் நெற்றியில் பூசினாள். பூசிவிட்டு, நாங்கள் நடந்த தடத்தின் மேல் ஒரு வாளி சாணித் தண்ணீரை ஊற்றினாள். எல்லா உயிரிலும் ஒரே ஆத்மா என்று கேட்டுத் தலையாட்டிய தெரு அது. இனி எந்த வக்கீல் வந்து எனக்கு என்ன சொன்னாலும், அந்த வாளியைத்தான் முதலில் காட்டுவேன்.

கோயிலில் கரகத்தை இறக்கியதும் நைனா காலை நீட்டி உட்கார்ந்தார். அத்தை அவர் முழங்காலைப் பிடித்துவிட்டாள். சாணித் தண்ணீர் ஊற்றியதைச் சொன்னேன்.

"ஊத்தட்டும்," என்றார். "அடுத்த வருசமும் அந்தத் தெருதான்."